காலப்பகுப்பும் கட்டளைகளும்: யாழ்ப்பாணத்து விவிலிய வாசிப்பு மரபு பற்றிய சில சிந்தனைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த சைவ - கிறிஸ்தவ வாதங்கள் பற்றிக் கணிசமான அளவு எழுதப்பட்டுள்ளது. ஒருசாரார் அவற்றைச் சைவ மறுமலர்ச்சியின் தோற்றுவாயாகக் கண்டனர். மற்றொருசாரார் தமிழ் உரைநடை வளர்ச்சியின் ஒரு கட்டமாகக் கண்டனர். முற்போக்கு நோக்குடைய ஆய்வாளர் அவற்றிலே அந்நிய ஆட்சிக்கு எதிரான முதற்குரலையும், அதேவேளை வேளாள மேலாதிக்கத்தின் குரலையும் ஒருங்கே இனங்கண்டனர். இம்மூன்று நோக்குகளும் பயனுடையனவே. ஆயின், வாதித்தோர் உண்மையில் எதனைப் பற்றி வாதித்தனர் என்னும் வினா இவற்றிடையே நழுவிவிடுகின்றது. அவர்கள் வாதித்தது ஒரு நூலை எவ்வாறு வாசிப்பது என்பது பற்றியாகும். இன்னும் திட்டமாகக் கூறுவதாயின், நூலில் எழுதப்பட்ட கட்டளையொன்று எக்காலம்வரை செல்லும், அதன் காலம் கழிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் எவருக்கு உண்டு என்பது பற்றியாகும்.

இது பழங்கதையாகிவிட்ட வினா அன்று. சுன்னாகம் சந்தைக்கு அண்மையிலே, வீடொன்றின் முன்விறாந்தையில் நடைபெறும் சிறிய செபக்கூட்டம் ஒன்றிலே அண்மையில் நாம் ஒரு சுவர்ப்படத்தைக் கண்டோம். இடமிருந்து வலமாக ஏழு அரைவட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்: குற்றமறியாமை, மனச்சாட்சி, மனித ஆளுகை, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, இராச்சியம். ஆறாவது அரைவட்டம் முடியும் இடத்திலே சிவப்பு மையால் ஒரு கோடு. அங்கேதான் நாம் நிற்கிறோம் என்று கூட்டத்தை நடத்தியவர் விளக்கினார். அங்கிருந்தோரிற் பெரும்பாலானவர்கள் போரிலே வீட்டையும் பிள்ளைகளையும் இழந்தவர்கள். 2009 இன் பின்னர் குடாநாட்டிலே பெருகியுள்ள சுயாதீன சபைகளில் இத்தகைய படங்கள் புதுமையல்ல. இப்படத்தின் மூதாதை, அமெரிக்காவிலே வரைபடக் கலைஞராகத் தொழில் பார்த்துப் பின்னர் போதகரான கிளறென்ஸ் லார்க்கின் என்பவர் 1918 இல் வெளியிட்ட நூலின் படங்களாகும். எந்திரத்தின் பாகங்களை அளந்து வரைந்த கை, இறைவனின் காலத்தையும் அவ்வாறே அளந்து வரைந்தது.

இவ்வாசிப்பு முறையைக் காலப்பகுப்பு இறையியல் என இக்கட்டுரையில் வழங்குவோம். மூலச்சொல் கிரேக்கத்தில் வீட்டு நிர்வாகத்தைக் குறிப்பது. தமிழ் வேதாகமத்தில் வரும் உக்கிராணக்காரனின் தொழில் அதுவே. பொருளியல் என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லும் இதே வேரிலிருந்து முளைத்ததே. வீட்டுக்குரியவர் உக்கிராணத்தின் ஒழுங்கை வேளைக்கு வேளை மாற்றுவதுபோல, இறைவன் மனிதரோடு கொள்ளும் தொடர்பின் ஒழுங்கையும் காலத்துக்குக் காலம் மாற்றினார் என்பது கோட்பாட்டின் சாரம். ஒவ்வொரு காலத்திலும் மனிதருக்கு ஒரு சோதனை, அதிலே தோல்வி, தோல்விக்குத் தண்டனை, பின்னர் புதிய ஒழுங்கு. ஆகவே விவிலியத்தின் எந்த வாக்கியத்தைக் கண்டாலும் வாசகர் முதலிற் கேட்கவேண்டியது அதன் பொருள் யாது என்பதன்று. அது எக்காலத்தாருக்குரியது என்பதே.

இதனை ஒரு முறையாக வகுத்தவர் யோன் நெல்சன் டார்பி (1800-1882). அயர்லாந்துத் திருச்சபையிற் குருவாக இருந்து விலகி, பிளிமத் சகோதரர் எனப்பட்ட குழுவின் முன்னணிச் சிந்தனையாளரானவர். இஸ்ரவேலருக்குக் கூறப்பட்டவை வேறு, சபைக்குக் கூறப்பட்டவை வேறு, இரண்டையும் கலத்தலாகாது, தீர்க்கதரிசனங்களை உருவகமாக்காது சொல்லுக்குச் சொல் கொள்ளவேண்டும் என்பன அவரது விதிகள். உலகம் திருந்தப் போவதில்லை. அது மேன்மேலும் கெடும். விசுவாசிகள் அதனின்றும் எடுத்துக்கொள்ளப்படுவர் என்பது முடிபு. 1831 முதல் இக்கருத்துகள் ஆராயப்பட்ட மகாநாடுகள் விக்லோ மாவட்டத்திலே பவர்ஸ்கோர்ட் சீமாட்டியின் ஆதரவிலே நடைபெற்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. 1829 இலே கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வழங்கப்பட்டது. அயர்லாந்தின் புரட்டஸ்தாந்து நிலக்கிழாருக்குத் தம் காலடி நிலம் நகர்வது தெரிந்தது. உலகமே முடிவை நெருங்குகின்றது என்னும் எண்ணம் அத்தகைய மாளிகையிலே செழித்தது வியப்பன்று. ஆயினும் இதனை வைத்துக் கோட்பாட்டை முழுவதும் விளக்கிவிட்டதாக நாம் கருதிவிடலாகாது. நிலக்கிழாரின் அச்சத்திலே பிறந்த கருத்து, காணி இழந்த சுன்னாகத்துப் பெண்ணின் ஆறுதலாகவும் மாறக்கூடும். வர்க்கத் தோற்றுவாயைச் சொல்லிவிட்டு ஓய்வது திறனாய்வின் பாதி வேலைதான்.

அமெரிக்காவிலே இம்முறையைப் பரப்பியது சைரஸ் ஸ்கோபீல்ட் தொகுத்து 1909 இலே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட குறிப்புரை வேதாகமம். இதன் வெற்றி பதிப்பு முறையின் வெற்றியாகும். குறிப்புகள் தனி நூலாக அல்லாமல் வேத வசனத்தின் அதே பக்கத்திலே, அதே தாளிலே அச்சிடப்பட்டன. வசனத்தை வாசித்த கண் கீழே இறங்கிக் குறிப்பை வாசித்தது. சில ஆண்டுகளிலே எது வசனம், எது ஸ்கோபீல்ட் என்பது வாசகரின் நினைவிலே பிரியாது கலந்தது. இவ்விடத்திலே நமது உரைமரபை ஒப்புநோக்குதல் பயன்தரும். கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பிய உரைகள் 1937 முதல் சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா அவர்களால் வெளியிடப்பட்டன. அப்பதிப்பிலும் பக்கத்தின் கீழே குறிப்புகள் உள்ளன. ஆனால் சூத்திரம் தொல்காப்பியருடையது. உரை நச்சினார்க்கினியருடையது அல்லது சேனாவரையருடையது. அதன்மேல் ஐயம் எழுப்பும் குறிப்பு கணேசையருடையது என மூவரும் பெயரோடு நிற்கின்றனர். ஒருவரை மற்றவர் மறுப்பதும் வாசகர் கண்முன்னேயே நிகழ்கின்றது. தமிழ் உரைகாரர் அதிகாரம் செலுத்தவில்லை என்பதன்று. அதிகாரம் செலுத்துவோர் இன்னார் என்பது மறையவில்லை. ஸ்கோபீல்டின் பக்கத்திலே உரைகாரர் மறைந்துவிடுகின்றார். மறைந்தமையே அவரது பலம்.

அம்முறையின் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். மலைப்பிரசங்கம் அதன் நேர்ப்பொருளில் வரப்போகும் இராச்சியத்தின் சட்டம். இக்காலச் சபைக்கு அதிலிருந்து ஒழுக்கப் படிப்பினை மட்டுமே உரியது என்பது ஸ்கோபீல்டின் கொள்கை. பிறர் குற்றத்தை மன்னிப்பதைப்போல எமது குற்றத்தையும் மன்னியும் என்னும் வேண்டுதல்கூட நியாயப்பிரமாண அடிப்படையைச் சார்ந்தது என அவர் குறித்தார். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டிலே விற்கப்பட்ட காணி முதல் உரியவருக்குத் திரும்பவேண்டும் என விதிக்கின்றது. காணியை ஒற்றி வைத்து, ஒற்றி மீளாது, தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்காரராகிப்போனோர் வாழும் குடாநாட்டில் அதிகம் வாசிக்கப்படவேண்டிய அதிகாரம் அதுவே எனலாம். ஆயின் காலப்பகுப்பின்படி அது ஐந்தாம் அரைவட்டத்துக்குரியது. ஏழைகளுக்குச் சார்பான வசனங்களிலே ஒருபகுதி கடந்த காலத்துக்கும் மறுபகுதி வருங்காலத்துக்கும் ஒதுக்கப்பட, நடுவிலே நிற்கும் நிகழ்காலத்துக்குக் காத்திருத்தலே எஞ்சுகின்றது. சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வோம் என்று வீறுடன் கூறும் முறை, சொல்லைப் பிடித்துக்கொண்டு கட்டளையைக் கைவிடுவதற்கு வழி கண்டுள்ளது.

தமிழகத்தோடு இவ்வியக்கத்துக்கு இருந்த தொடர்பையும் சுருக்கமாகக் குறிப்பிடல் தகும். டார்பியின் ஆரம்பகாலத் தோழரும் பின்னர் அவரோடு முரண்பட்டவருமான அந்தோனி நொறிஸ் குரோவ்ஸ் 1833 இல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த யோன் கிறிஸ்தியன் அருளப்பன் (1810-1867) 1840 இலே கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவினார். அந்நிய மிஷனரிமாரின் சம்பளமும் மேற்பார்வையும் இன்றித் தமிழர் தாமே சபை நடத்தலாம் என்பதை அவர் நடைமுறையிற் காட்டினார். 1860 இலே அப்பகுதியில் எழுந்த பக்தி எழுச்சியிலே சாதாரண மக்கள் பரவசமுற்றுப் பேசினர். முடிவுகாலம் பற்றிய எண்ணம் எப்போதும் மக்களை முடக்கிவிடும் என்று கூறுவோருக்கு அருளப்பனின் வரலாறு ஒரு தடையாகும். இதனை வேறிடத்தில் விரிவாக ஆராய வேண்டும்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1816 இலே தெல்லிப்பழையில் நிலைகொண்ட அமெரிக்க மிஷனரிமார் டார்பியின் வழிவந்தோர் அல்லர். அவர்கள் வந்து பதினைந்து ஆண்டுகளின் பின்னரே பவர்ஸ்கோர்ட் மகாநாடுகள் கூடின. அவர்களது மனநிலையும் நேர்மாறானது. சுவிசேஷமும் கல்வியும் அறிவியலும் பரவ, உலகம் படிப்படியாகத் திருந்தி ஆயிரமாண்டு ஆட்சிக்கு ஆயத்தமாகும் என அக்கால நியூ இங்கிலாந்தின் எழுச்சியுறும் வர்க்கம் நம்பியது. 1823 இலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இலே சுன்னாகத்துக்கு அயலிலே உடுவிலில் எழுந்த பெண்கள் விடுதிப் பாடசாலையும், 1841 இலே வெளிவந்த உதயதாரகையும் இந்நம்பிக்கையின் கட்டுமானங்கள். எனினும் மோசேயின் ஒழுங்கு வேறு, கிறிஸ்துவின் ஒழுங்கு வேறு என்னும் பகுப்பு புரட்டஸ்தாந்து மரபு முழுவதற்கும் பொதுவாக இருந்தது. டார்பி அதனை ஏழாக்கி இறுக்கினார். யாழ்ப்பாணத்து மிஷனரிமாரோ இரண்டோடு நின்றனர். நமது ஆய்வுக்கு அவ்விரண்டே போதுமானவை.

மிஷனரிமார் சைவரின் ஆலயத்தையும் அபிடேகத்தையும் தீபதூபங்களையும் திருநீற்றையும் இழித்துரைத்தனர். அதற்கு விடையாக 1854 இலே ஆறுமுக நாவலர் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். அந்நூலின் மைய உத்தி யாவரும் அறிந்ததே: சைவர் செய்வனவாக நீங்கள் பழிக்கும் கிரியைகள் யாவும் உங்கள் வேதத்திலேயே விதிக்கப்பட்டுள்ளன. யாத்திராகமத்திலே கேருபீன் உருவங்களும் தூபபீடமும் உள்ளன. லேவியர் நூலிலே அணையாவிளக்கும் இறைவன் முன் வைக்கும் அப்பங்களும் உள்ளன. எண்ணாகமத்தின் 19ஆம் அதிகாரத்திலே சிவப்புக் கிடாரியின் சாம்பல் தூய்மை தருகின்றது. அவ்வாறாயின் சைவரின் நீற்றிலே மட்டும் குற்றம் காண்பது எங்ஙனம்? இதனை எழுதியவர் விவிலியத்தை வெளியே நின்று பார்த்தவர் அல்லர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து அதனைத் தமிழாக்கியவர். அவர் கைபட்ட அம்மொழிபெயர்ப்பு 1850 இலே அச்சேறியது. வசனத்துக்கு வசனம் சொல் தேடியவருக்கு லேவியர் நூல் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிடும் பகுதியாக இருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைப்போல ஒரு நூலை முழுமையாக வாசிப்பவர் வேறு எவருமிலர்.

இதற்குப் புரட்டஸ்தாந்தரின் விடை முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தது. எபிரெயருக்கு எழுதிய நிருபம் அதனைத் தருகின்றது: பழைய கிரியைகள் நிழல்கள், பொருள் வந்தபின் நிழலுக்கு வேலை இல்லை, அவற்றின் காலம் முடிந்தது. நாவலருக்கு மறுப்பாகச் செமினரி வழிவந்த விசுவநாதபிள்ளை சுப்பிரதீபம் எழுதினார். பின்னாளில் அவரும் சைவத்துக்குத் திரும்பினார் என்பது இவ்வரலாற்றின் சுவையான கிளைக்கதை.

இவ்வாதத்திலே தர்க்கபூர்வமான வலிமை எப்பக்கம் இருந்தது? மூலநூலை நேர்நின்று வாசிப்பின் நாவலர் பக்கமே என்பது நமது கருத்து. விளக்கேற்றும் விதியை என்றென்றைக்கும் உரிய நியமம் என லேவியர் நூலே கூறுகின்றது. கிறிஸ்துவின் பின்னரும் பேதுருவும் யோவானும் செபவேளையிலே ஆலயம் சென்றதாகவும், பவுல் அங்கே சுத்திகரிப்புச் சடங்கு செய்துகொண்டதாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். காலம் முடிந்தது என்பது நூல் தானே எங்கும் ஒரே குரலிற் சொல்லும் செய்தியன்று. நூலின் ஒரு பகுதியைக் கொண்டு மற்றொரு பகுதியை அளக்கும் வாசகரின் தெரிவு அது. மிஷனரிமாரின் இரட்டை அளவுகோல் வேறோர் இடத்திலும் வெளிப்படுகின்றது. புராணங்களின் மேருமலையையும் நாலு இலட்சத்து முப்பத்தீராயிரம் ஆண்டுக் கலியுகத்தையும் அவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்து, வானநூற் கணிதத்தைக் காட்டித் தகர்த்தனர். அக்காலத்து ஆங்கில வேதாகமங்களின் ஓரத்திலே உலகப் படைப்புக்குக் கி.மு. 4004 என்னும் ஆண்டு அச்சிடப்பட்டிருந்தது. பிறர் நூலுக்கு எழுத்துப்பொருள், தம் நூலுக்கு நிழற்பொருள். இவ்வளவும் கூறியபின், சைவதூஷணபரிகாரம் வெளிவந்த அதே 1854 இலேயே செமினரியின் முன்னாள் அதிபரான ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கி வெளியிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிரியின் நூலை மதித்து வாசித்தல் ஒருபக்கத்துக்கு மட்டும் உரிய பண்பாக இருக்கவில்லை.

ஆயின் நாவலரின் வெற்றியிலேதான் நமது சிக்கல் தொடங்குகின்றது. கட்டளைகள் காலாவதியாவதில்லை என்று அவர் நிறுவினார். அவ்வாறாயின் கட்டளைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை எவ்வாறு விளக்குவது? சைவ மரபின் விடை அதிகாரபேதம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரலாற்றிலே வந்து கழிந்த காலங்கள் அல்ல. ஒரே காலத்திலே வெவ்வேறு தகுதியுடையோருக்கு விதிக்கப்பட்ட படிகள். மிஷனரிமார் நேர்கோட்டிலே பகுத்ததை நாவலர் செங்குத்தாகப் பகுத்தார் எனலாம். இது நுட்பமான விடையே. ஆனால் தகுதியை நிர்ணயிப்பதிலே பிறப்பு புகுந்தவுடன் ஏணி மதிலாகின்றது. நாவலர் சாதியாசாரத்தைக் கைவிடவில்லை. அவரது பாடநூல்களைப் படித்தோருக்கு இது தெரியும். கிராமக் கோயில்களில் உயிர்ப்பலியைக் கண்டித்தவர், ஆகமத்துக்கு மாறானது என்று நல்லூர்க் கோயில் அமைப்பையே குறைகூறத் தயங்காதவர், ஆலய வாசலிலே நிறுத்தப்பட்டோர் சார்பிலே அந்த ஆகமத்தை வினவவில்லை.

சைவ - வைதிக மரபிலே காலத்தால் விதி கழியும் கருத்தே இல்லை என்றும் கூறமுடியாது. தர்மசாத்திரத் தொகுப்புகளிலே கலிவர்ஜ்யம் என ஒரு பகுதி உண்டு. முன்னைய யுகங்களிலே அனுமதிக்கப்பட்டுக் கலியிலே விலக்கப்பட்டனவற்றின் பட்டியல் அது. அசுவமேதமும் நியோகமும் அதிலே விலக்கப்பட்டன. வேறு வருணப் பெண்ணை மணத்தலும் விலக்கப்பட்டது. அதாவது காலமாற்றத்தைச் சொல்லிச் சாத்திரகாரர் சாதிவேலியைத் தளர்த்தவில்லை, இறுக்கினர். டார்பியின் பகுப்பிலே காணியை மீட்கும் சட்டம் கழிந்தது. கலிவர்ஜ்யத்திலே கலப்புமணம் கழிந்தது. கழிக்கும் கோல் எவர் கையில் இருந்தது என்பதை இவ்விரு பட்டியல்களும் சொல்லும்.

இலக்கண மாணவர் இவ்விடத்திலே ஒரு வினாவை எழுப்பக்கூடும். பழைய வழக்குகள் கழிவதும் புதியன வந்து சேர்வதும் வழுவல்ல, காலத்தின் இயல்பு என நன்னூலார் விதித்தார் அல்லரோ? காலந்தோறும் வந்து சேரும் சொற்களைக் கடியலாகாது என்பது தொல்காப்பியருக்கும் உடன்பாடன்றோ? நன்னூல் விருத்தியுரையை 1851 இலே அச்சிட்டவர் நாவலரே. மொழியிலே அவர் இவ்விதியை ஏற்று நடந்தார். நிறுத்தக் குறிகளைக் கையாண்டார். சந்தி பிரித்து எளிய வசனம் எழுதினார். பாதிரிமாரின் பிரசங்க வடிவத்தை எடுத்து 1847 இன் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பேசத் தொடங்கினார். அச்சியந்திரத்தை எந்த ஆகமமும் விதிக்கவில்லை. மொழியிலும் பரப்பும் கருவியிலும் காலத்தை ஏற்றவர் ஆசாரத்திலே அதனை மறுத்தார். இலக்கணகாரரின் காலம் டார்பியின் காலத்திலிருந்து அடிப்படையில் வேறுபட்டது என்பதும் நோக்கத்தக்கது. டார்பியிடத்திலே கட்டளையிட்டவரே காலத்தை மாற்றுகின்றார். நன்னூலிலோ சொல்லைக் கழிப்போரும் புகுத்துவோரும் அதனை வழங்கும் மக்களே. இலக்கணகாரர் பின்வந்து அதனைப் பதிவுசெய்கின்றார். மக்கள் வழக்கே காலத்தை நகர்த்துகின்றது என்னும் இக்கருத்து நமது மரபிலே சொல்லோடு நின்றுவிட்டது. சாதிக்கு அது பொருத்தப்படவில்லை.

மிஷனரிமார் பொருத்தினரோ? ஆலயக் கிரியையின் காலம் முடிந்தது என உரத்துச் சொன்னோர் சாதியின் காலம் முடிந்தது என்பதை அத்துணை உரத்துச் சொல்லவில்லை. அவர்களது கல்வியாற் பெரிதும் பயனடைந்தோர் வேளாள குலத்தவரே. 1929 இலே உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் மாணவர் யாவரும் சமமாக அமரவேண்டும் என அரசு பணித்தபோது குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பும், பாடசாலைகள் எரிக்கப்பட்டமையும், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட மிஷன் கல்வியின் பின் நிகழ்ந்தவை. கிருபையின் காலத்திலும் வாங்கில் அமர்வோரும் நிலத்தில் அமர்வோரும் இருந்தனர்.

அந்தக் காலத்தை நகர்த்தியோர் வேறு திசையிலிருந்து வந்தனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் இருந்த நிலையிலே, 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கி ஊர்வலமொன்று புறப்பட்டது. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் ஒழுங்குசெய்த அவ்வூர்வலம் பொலிசாரின் குண்டாந்தடியை எதிர்கொண்டது, கே. ஏ. சுப்பிரமணியம் முதலானோர் அடிபட்டனர். ஆயினும் ஊர்வலத்தினர் முற்றவெளியை அடைந்து கூட்டம் நடத்தினர். சாதியமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும் என்பது அவர்களது முழக்கம். இலக்கிய மாணவர் என்ற வகையில் அம்முழக்கத்தின் வினைமுற்றை நாம் கவனித்தல் வேண்டும். தகரும் என்று அது சொல்லவில்லை. அது தீர்க்கதரிசனத்தின் எதிர்காலம். தகர்ந்தது என்றும் சொல்லவில்லை. அது நிருபத்தின் இறந்தகாலம். தகரட்டும் என்பது வியங்கோள். காலம் காட்டாத வினை. காலத்தை அது தன்னைச் சொல்வோரின் கையில் விடுகின்றது. மேலே கண்ட இருவகை வாசிப்பிலும் இவ்வினைமுற்றுக்கு இடமில்லை.

1968 இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே உள்நுழைய நின்றோரைத் தடுத்தவர்களுக்குக் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் தலைமை தாங்கினார். பழைய வழக்கம் என்பதே அவர்களது நியாயம். புதிய கணிதமும் பழைய ஆசாரமும் ஒருவரிடத்திலேயே குடியிருக்கும் இந்நிலையை ஏழு அரைவட்டங்களால் விளக்கமுடியாது. கணேசையர் அதே அயலிலே வாழ்ந்தவர்; அவரது குறிப்புகளை அச்சிட்ட சுன்னாகத்திலிருந்துதான் 1966 இன் ஊர்வலமும் புறப்பட்டது. ஒரே கூப்பிடு தூரத்துக்குள் பல காலங்கள் அருகருகே கிடக்கின்றன.

இந்த இடத்திலே நம்மை நாமே வினவிக்கொள்வது நேர்மையாகும். மார்க்சியர் என்போரும் காலத்தைப் பகுத்தவர்களே. புராதன பொதுவுடைமை, அடிமை முறை, நிலமானியம், முதலாளித்துவம், சோசலிசம் என்னும் ஐந்து கட்டங்கள் 1938 இன் சோவியத் பாடநூலிலிருந்து நமது வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தன. சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் அவற்றிலே எந்தக் கட்டத்தில் வைப்பது என்று வாதித்துக் கழித்த ஆண்டுகள் கொஞ்சமல்ல. ஒரு பாட்டு எந்தக் கட்டத்துக்குரியது எனத் தெரிந்தவுடன் அதனை வாசித்துவிட்டதாக எண்ணியதும் உண்டு. இதற்கும் சுவர்ப்படத்துக்கும் உள்ள தூரம் நாம் விரும்புமளவு பெரிதன்று. நிலமானியக் காலத்து எச்சம் தானே உதிரும் என்று சொல்லிச் சாதிப் பிரச்சினையை வர்க்கப் போராட்டத்தின் வெற்றிக்குப் பின்னர் பார்ப்போம் எனத் தள்ளிவைத்தோர் இடதுசாரிகளிலும் இருந்தனர். மலைப்பிரசங்கத்தை ஏழாம் அரைவட்டத்துக்கு ஒதுக்கிய ஸ்கோபீல்டை நாம் நகையாடும்போது இது நினைவுக்கு வரவேண்டும்.

இதற்கு மாற்றான பாதையும் நமது ஆய்வுலகிலேயே உண்டு. 1974 இலே வெளியான திணைக்கோட்பாடு பற்றிய கட்டுரையிலே பேராசிரியர் சிவத்தம்பி, குறிஞ்சி முதலிய திணைகளை ஒன்றன்பின் ஒன்றாக வந்த படிகளாக மட்டும் பாராது, ஒரே காலத்திலே அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சியின் வடிவங்களாகவும் கண்டார். வேட்டுவரும் உழவரும் பரதவரும் ஒரே பாடற்றொகுதியில் இடம்பெறுவது அதனாலேயே. விவிலியத்தையும் அவ்வாறு வாசிக்கலாம். எங்கெல்ஸ் வெளிப்படுத்தின விசேஷத்தை வாசித்த முறை இதற்குத் துணையாகும். அந்நூலிலே வருங்காலத்தின் அட்டவணையை அவர் தேடவில்லை. நீரோ மன்னன் காலத்தை ஒட்டி ஆசியா மைனரிலே ஒடுக்கப்பட்டோரின் கோபத்தையும் எதிர்பார்ப்பையும் கண்டார். லேவியர் நூலிலும் ஆசாரியரின் குரலும் கடன்பட்ட உழவரின் குரலும் ஒரே தோற்சுருளிலே அடுத்தடுத்துக் கேட்கின்றன. ஊனமுற்றவரைப் பலிபீடத்தை அணுகவிடாது விலக்கும் 21ஆம் அதிகாரமும், காணியை மீட்டுக்கொடுக்கும் 25ஆம் அதிகாரமும் ஒரே நூலினுடையவை. நூல் முழுவதையும் கழிந்தது என ஒதுக்குவதும், முழுவதும் நிலைத்தது என ஏற்பதும் அக்குரல்களின் பிணக்கைக் கேளாது விடுவதே.

அன்று செபக்கூட்டம் முடிந்தபின் முதிய பெண்ணொருவர் சுவர்ப்படத்தின் அருகே சென்று அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். வலிகாமம் வடக்கிலே உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன தம் காணியைப் பற்றி அவர் நம்மிடம் நெடுநேரம் பேசினார். உறுதி தம் கையில் இருப்பதாகவும், அதனை இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் சேலைத்தலைப்பிலே முடிந்து கொண்டுபோனதாகவும் கூறினார். ஏழாம் அரைவட்டத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. லேவியர் 25ஐ வாசித்ததுண்டோ என நாம் கேட்டபோது, அது யூதருக்குச் சொன்னது என்று சபையிற் படிப்பித்ததாகப் பதிலளித்தார். சற்றுப் பொறுத்து, எங்கே அதை ஒருக்கால் வாசியுங்கோ பிள்ளை என்றார்.

சைவதூஷணபரிகாரத்தையும் சுப்பிரதீபத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களிலே நிறுத்தி, சுட்டப்படும் விவிலியப் பகுதிகளை 1850 இன் மொழிபெயர்ப்பிலிருந்து கீழே தந்து, பதிப்பாசிரியரின் குறிப்பைப் பெயரோடு பிரித்துக்காட்டும் ஒரு பதிப்பு நமக்குத் தேவை. கணேசையரின் தொல்காப்பியம் அதற்கு முன்மாதிரி. அப்பதிப்பின் பின்னிணைப்பிலே லேவியர் 25ஆம் அதிகாரமும் முழுமையாக இடம்பெற வேண்டும்.